பெண் விடுதலையும் ஆண் பேனாவும்

1879-ஆம் வருஷத்தில் இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். இருவரும் கதைப் பெண்கள்தான். ஒருத்தி தமிழச்சி, பெயர் ஞானாம்பாள். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு நாயகி. அவள் ஆண் உடை தரித்துக்கொண்டு ஒரு தேசத்தையே ஆண்டாள். இன்னொருத்தி நார்வேக்காரி, பெயர் நோரா. இப்ஸன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்துக்கு நாயகி. அவள் எந்த வேஷமும் போடவில்லை. ஒரு சிறு பையை எடுத்துக்கொண்டாள். தெருக்கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கதவின் சத்தம் ஐரோப்பா முழுவதும் கேட்டது.

மாயூரத்துக்கும் கோபன்ஹேகனுக்கும் அந்த நாளில் எந்தப் போக்குவரத்தும் இல்லை. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பெண்களையும் வெளியே அனுப்பி வைத்தவர்கள் ஆண்கள்.

பெண்ணுக்காக வாதாட வந்த ஆண்களுக்கு அந்தக் காரியத்தில் உண்மையான இடம் எது? மாதர் முன்னேற்றம் என்று பாட்டனார் காலத்தில் சொன்னார்கள். இன்று பெண்ணியம் என்கிறோம். பெயர் மாறினாலும் இந்தக் கேள்வி மாறவில்லை. மேடையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தலைக்கு ஒரு பதில் வரும். நான் கதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த சாட்சிகள் கதைகள்தான். அவற்றையே விசாரித்துப் பார்க்கலாம்.

முதலில் நம் வீட்டுப் பெண் ஞானாம்பாள். அவளுடைய கதையைச் சொல்கிறவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் புருஷன் பிரதாப முதலியார்தான் சொல்கிறான். தன் அசட்டுத்தனங்களை ஒளிக்காமல் சொல்கிறான். மனைவியின் புத்திக்கு முன்னால் தன் புத்தி மட்டம் என்பதைச் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறான். பெண் கல்விக்காகப் பாட்டும் வசனமும் எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. அவர் மனசு அந்த நாவலில் தெரிகிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய மனசு. இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஞானாம்பாள் ஆள்வதற்கு ஆண் உடை வேண்டியிருந்தது. உடையைக் களைந்ததும் அவள் பழையபடி உத்தம பத்தினி. புருஷனுக்கு எதுவும் நஷ்டமில்லை. பெண்டாட்டி புத்திசாலி என்ற பெருமை கூடியதுதான் மிச்சம். ஆணுக்குச் செலவு வைக்காத விடுதலை அது. தமிழ் நாவலில் பெண் விடுதலை இப்படித்தான் பிறந்தது. பிறந்த குழந்தையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜாதகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் அ. மாதவையா. இவர் துணிச்சல் வேறு மாதிரி. 1892-ல், அவருக்குச் சுமார் இருபது வயசு இருக்கும்போது, 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' என்ற கதையைத் தொடங்கினார். ஒரு பிராமண விதவை தன் கதையைத் தானே சொல்வதாக ஏற்பாடு. அது நடுவில் நின்றுபோயிற்று. 1903-ல் 'முத்துமீனாக்ஷி' என்று புஸ்தகமாக வந்தது. முத்துமீனாக்ஷி மறுவிவாகம் செய்துகொள்கிறாள். விதவை மறுவிவாகச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது, ராஜமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு முதல் மறுவிவாகத்தை நடத்தி வைத்தது 1881-ல், ஜி. சுப்பிரமணிய ஐயர் தம் விதவைப் பெண்ணுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தது 1889-ல். ஆனாலும் நம் அக்கிரகாரங்களில் அந்தப் பேச்சை எடுத்தாலே ஜாதிப் பிரஷ்டம்தான். அப்படிப்பட்ட நாளில் உப்பு இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர், விதவையின் குரலில் 'நான்' என்று பேச ஆரம்பித்தார்.

மாதவையா போட்டது பெண் வேஷம். ஞானாம்பாள் ஆண் உடையில் ஆண்டாள். மாதவையா பெண் உடையில் அழுதார். இரண்டாவதுதான் கஷ்டமான வேஷம். மாமியார் வீட்டில் ஒரு சிறுமி படும் பாட்டை அவர் உள்ளே இருந்து சொல்கிறார். அப்படிச் சொல்லக்கூடிய விதவைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருந்தார்கள். பண்டித ரமாபாய் 1887-ல் உயர்குல ஹிந்துப் பெண்களின் கதியைப் பற்றி எழுதிவிட்டார் என்பது உண்மை. ஆனால் அது அமெரிக்காவில் வெளியான இங்கிலீஷ் புஸ்தகம். தஞ்சாவூர் ஜில்லாவில் அடுப்பூதிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது எட்டாது. வாய் இல்லாதவர்களுக்காக ஒருவன் வாய் திறப்பது அந்த நேரத்தில் தர்மம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இரவல் குரலுக்கு ஒரு தவணை உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுத வந்தபோது அவருக்குச் சரளமாக எழுதக்கூடத் தெரியாது. அவர் வாயால் சொல்ல, தோழி ஒருத்தி எழுதினாள். அப்படிப் பிறந்த முதல் நாடகம் 1924-ல் அச்சேறியது. அப்புறம் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகை. இலக்கியத் தராசில் அவற்றின் எடை என்ன என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எழுத்து தெரியாத ஒரு பெண்கூடத் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்பதுதான் இங்கே விசேஷம். அதற்குப் பிறகும் ஓர் ஆண், 'உனக்காக நான் அழுகிறேன், நீ சும்மா இரு' என்று சொன்னால் அது உபகாரமாகாது.

உபகாரம் என்ற சொல் வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கு.ப. ராஜகோபாலனின் 'சிறிது வெளிச்சம்' என்ற சிறுகதையை வாசகர்கள் படித்திருக்கக்கூடும். ஒரு வீட்டில் குடியிருக்கும் ஒருவன், அந்த வீட்டுப் புருஷன் இரவில் மனைவியை அடிக்கும் சத்தத்தைக் கேட்கிறான். பொறுக்க முடியாமல் குறுக்கிடுகிறான். பிறகு அந்தப் பெண் சாவித்திரியோடு பேச நேர்கிறது. அவள் மனம் திறந்து பேசுகிறாள். நம்மில் வேறு யார் எழுதியிருந்தாலும், அந்தக் குடியிருப்பவனை வீரனாக்கிக் கைதட்டு வாங்கியிருப்பார்கள். கு.ப.ரா. அதைச் செய்யவில்லை. அவனுடைய இரக்கத்துக்குள் ஆசையும் கலந்திருப்பதை அவர் ஒளிக்கவில்லை. கருணையும் மோகமும் ஒரே வாசல்படியில் நிற்கின்றன. எது முதலில் உள்ளே நுழைந்தது என்று அவனுக்கே தெரியாது. சாவித்திரிக்கு மட்டும் அவனை விடத் தெளிவாகத் தெரிகிறது. பெண்ணைக் காப்பாற்றப் புறப்பட்ட ஆண்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக உண்மையான பக்கங்களில் அவையும் சில என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் அங்கே ஆண் தன்னையே கூண்டில் ஏற்றுகிறான்.

இப்போது இப்ஸனிடம் திரும்பலாம்.

1898-ல் நார்வே நாட்டு மாதர் உரிமைச் சங்கம் இப்ஸனுக்கு ஒரு விருந்து நடத்தியது. அவருக்கு வயசு எழுபது. நோராவைப் படைத்த மகான் என்று எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். கிழவர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? மாதர் உரிமைக்காக வேண்டுமென்றே பாடுபட்டவன் என்ற கௌரவம் தமக்குப் பொருந்தாது என்றார். அந்த உரிமை இயக்கம் என்பது என்னவென்றுகூடத் தமக்குச் சரியாக விளங்கவில்லை, தாம் மனிதர்களைத்தான் சித்திரித்தேன் என்ற பொருளில் பேசினார். விருந்து கொடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நம் ஊராக இருந்தால் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்திருப்பார்கள்.

அவர் அடக்கத்தினால் அப்படிச் சொன்னார் என்று சிலர் சொல்வார்கள். கலைஞனுடைய கர்வம் என்று வேறு சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு நினைவும் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நோரா முழுக்கக் கற்பனையில் பிறந்தவள் இல்லை. லாரா கீலர் என்ற பெண் இப்ஸனுக்கு அறிமுகமானவள். அவளும் எழுத்தாளர், இளம் வயசில் இப்ஸனுடைய ஒரு நாடகத்தின் தொடர்ச்சியைப் போல ஒரு கதை எழுதி, அதன் மூலமாகத்தான் அவரிடம் அறிமுகமானாள். அவளுடைய புருஷனுக்குக் காச நோய். அவனைக் காப்பாற்ற, அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கினாள். கடன் கழுத்தை நெரித்தபோது, தான் எழுதிய ஒரு கதையைப் பிரசுரகர்த்தரிடம் சிபாரிசு செய்யும்படி இப்ஸனைக் கேட்டாள். கதை நன்றாக இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். அவள் வேறு வழி தெரியாமல் ஒரு பொய்ச் செக்கில் கைவைத்தாள், அகப்பட்டுக்கொண்டாள். யாருக்காக அவ்வளவும் செய்தாளோ அந்தப் புருஷனே அவளைக் குற்றவாளியைப் போல் நடத்தினான். சித்த வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டார்கள். வெளியே வந்தபின், குழந்தைகளுக்காக அவள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அடுத்த வருஷம் 'பொம்மை வீடு' வெளிவந்தது. உலகம் நோராவைக் கொண்டாடிற்று. லாராவோ, ஊர் வாயில் விழுந்த தன் கதையைச் சுமந்துகொண்டு வாழ்ந்தாள்.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. நாடகத்தில் நோராவின் புருஷன் ஹெல்மர் அவளை வானம்பாடி என்றும் அணில்குட்டி என்றும் செல்லமாக அழைக்கிறான். முதல் காட்சியிலேயே அந்தச் செல்லத்தைக் கேட்டு நமக்கு மூச்சு முட்டுகிறது. அந்த வானம்பாடி என்ற செல்லப் பெயர், இப்ஸன் தாமே லாராவுக்கு வைத்தது.

இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு நாடகத்தைத் திரும்பப் படித்தால் வேறு விதமாக இருக்கிறது. ஹெல்மர் யார்? குடிகாரன் இல்லை, அடிக்கிறவன் இல்லை. ஒழுங்கானவன், கடன் வாங்காதவன், பாங்கு மானேஜராகப் போகிறவன். மனைவி பற்கள் கெட்டுவிடும் என்று தித்திப்புத் தின்னக்கூடாதென்று சட்டம் போடுகிற அளவுக்கு அக்கறையுள்ளவன். அவள் செய்த காரியம் வெளியானதும் அவன் துள்ளிக் குதிக்கிறான். குழந்தைகளை வளர்க்க அவள் யோக்கியதை அற்றவள் என்கிறான். ஆனால் ஊருக்குத் தெரியாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்கிறான். அடுத்த நிமிஷம் கடன் பத்திரம் திரும்பி வந்துவிடுகிறது. தான் பிழைத்துவிட்டதாகக் கூவுகிறான். நானோ, என்று அவள் கேட்கிறாள். நீயுந்தான், என்கிறான். அப்புறம் அவளை மன்னிக்கிறான். மன்னித்ததனால் அவள் தனக்கு இன்னும் சொந்தமாகிவிட்டாள் என்று பூரித்துப் போகிறான்.

இந்தப் பூரிப்பை ஒரு பெண் எழுத்தாளர் வெளியில் இருந்து பார்த்து எழுதக்கூடும். உள்ளே இருந்து எழுத ஓர் ஆணால்தான் சுலபமாக முடியும். மன்னிக்கிறபோது மார்பு விரிகிறதே, அந்தச் சுகம் நமக்குத் தெரியும். செல்லம் கொடுப்பதில் இருக்கிற அதிகாரம் நமக்குத் தெரியும். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியை யார் உண்டாக்கினார்களோ, நிச்சயமாக அடி வாங்கியவர்கள் உண்டாக்கியிருக்கமாட்டார்கள்.

நோரா கதவைச் சாத்தியது ஒரு மகத்தான காட்சிதான். ஆனால் அவள் வெளியே போய் என்ன ஆனாள் என்பது இப்ஸனுக்குத் தெரியாது. நாடகமும் அதோடு முடிந்துவிடுகிறது. அவருக்கு முழுசாகத் தெரிந்தவன் உள்ளே உட்கார்ந்திருக்கிற ஹெல்மர். ஆகையால் அந்த இயக்கத்துக்கு இப்ஸன் செய்த பெரிய உபகாரம் ஹெல்மர்தான் என்று நான் சொல்லுவேன். நோராவைப் பெண்களே எழுதிக்கொள்வார்கள். ஹெல்மரைக் காட்டிக்கொடுக்க ஹெல்மருடைய இனத்தான் ஒருவன் வேண்டும்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1869-லேயே இதற்குப் பக்கத்தில் வந்திருக்கிறார். பெண்கள் தாங்களாகவே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லும் வரையில், அவர்களைப் பற்றி ஆண்களுக்குத் தெரிந்தது அரைகுறைதான் என்பது அவருடைய வாதம். 1851-ல் ஹாரியட் டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டபோது, சட்டம் புருஷனுக்குக் கொடுக்கும் உரிமைகளைத் தாம் ஏற்கவில்லை என்று எழுதி வைத்த மனிதர் அவர். பெண்ணின் மனத்தை விளக்குவதாக வாக்களிக்காமல், ஆணின் சட்டப் புஸ்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார். தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்.

இலக்கியத்துக்கு வெளியே இருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். 1946-ல் இந்தியாவுக்கு வந்த காபினெட் தூது கோஷ்டியில் பெதிக் லாரன்ஸ் பிரபு இருந்தாரே, அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அவருக்கு அதற்கு முன் இன்னொரு சரித்திரம் உண்டு. பிரிட்டிஷ் பெண்களின் வோட்டுரிமைப் போரில் அவர் பங்கர்ஸ்ட் அம்மையாரின் சங்கத்துக்குப் பணம் கொடுத்தார், ஜாமீன் கொடுத்தார், மனைவியோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினார். 1912-ல் சிறைக்குப் போனார், உண்ணாவிரதம் இருந்தார், பலவந்தமாக ஆகாரம் புகட்டப்பட்டார். வெளியே வந்த அதே வருஷத்தில், புருஷன் பெண்டாட்டி இருவரையும் சங்கத்தை விட்டு விலக்கிவிட்டார்கள். ஆண் என்பதற்காக மட்டும் விலக்கவில்லை; வழிமுறையில் அபிப்பிராய பேதம். நம்மில் ஒருவராக இருந்தால், 'இவ்வளவு செய்தும் நன்றி கெட்டவர்கள்' என்று தாமே ஒரு கட்சி தொடங்கி, பழைய சங்கத்தைத் திட்டுவதையே தொழிலாகக் கொண்டிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார். வோட்டுக்காகத் தொடர்ந்து பாடுபட்டார். நன்றிக்காகச் செய்யவில்லை என்பதற்கு இதைவிட ருசு வேண்டியதில்லை.

அயர்லாந்திலும் அப்படித்தான். மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் அங்கே பெண்கள் வோட்டுரிமைச் சங்கத்தை 1908-ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவருடைய கணவர் ஜேம்ஸ் கஸின்ஸும் நண்பர் ஷீஹி ஸ்கெபிங்டனும் 1912-ல் அந்த இயக்கத்துக்காக ஒரு பத்திரிகையின் ஆசிரியர் வேலையைப் பார்த்தார்கள். தலைமை பெண்களுடையது, அச்சுக் கோப்பும் புரூப் திருத்தமும் ஆண்களுடைய பொறுப்பு. கஸின்ஸ் தம்பதிகள் 1915-ல் சென்னைக்கு வந்தார்கள். 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது அதில் மார்கரெட் அம்மையாரின் கை முன்னால் இருந்தது. 1921-ல் சென்னை மாகாணத்துப் பெண்கள் வோட்டுரிமை பெற்றார்கள்.

சரி, கதைக்கு வருவோம். இதற்கெல்லாம் அர்த்தம் ஆண்கள் பெண் பாத்திரங்களை எழுதக்கூடாது என்பதா? அப்படிச் சட்டம் போட்டால் ஆன்னா கரீனினாவை நெருப்பில் போட வேண்டியதுதான். கதை எழுதுகிறவன் தான் அல்லாத மனிதர்களுக்குள் புகுந்துதான் ஆக வேண்டும். அதுதான் அவன் தொழில். என் வழக்கு வேறு. ஆண்கள் இந்த விஷயத்தில் எழுதிய கதைகளில் பெண்ணின் கண்ணீர் ஏராளமாக இருக்கிறது. கொடுமைக்கார மாமியார் இருக்கிறாள். குடிகாரப் புருஷன் இருக்கிறான். கடைசியில் கைகொடுக்க ஒரு நல்ல வாலிபன் வருகிறான். படிக்கிற ஆண் அந்த நல்ல வாலிபனோடு போய் ஒட்டிக்கொள்கிறான். புஸ்தகத்தை மூடிவிட்டு, 'காப்பி எங்கே?' என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறான். அவன் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

கீறல் விழும்படி எழுதியவர் புதுமைப்பித்தன். 1943-ல் வந்த 'சாப விமோசன'த்தில் அகலிகையை எல்லோரும் பேசுகிறார்கள். நான் கோதமனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவன் கெட்டவனில்லை. கோபத்தில் சாபமிட்டதற்கு வருந்துகிறான். தர்மத்தைத் திரும்ப யோசிக்கிறான். அவளை அன்போடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். இவ்வளவு செய்தும் பழைய வாழ்க்கை திரும்ப வரவில்லை. ராமன் சீதையை அக்கினிப் பரீட்சைக்கு உட்படுத்திய செய்தியைக் கேட்டபின் அகலிகையின் மனம் உடைந்துவிடுகிறது. கோதமன் ஆறுதலாகத் தொடும்போதுகூட, அந்தத் தொடுகையில் அவள் இந்திரனைத்தான் காண்கிறாள், மறுபடி கல்லாகிவிடுகிறாள். கல்லானாலும் கணவன் என்று நம் பழமொழி. கல்லாவது என்னவோ எப்போதும் மனைவிதான். நல்லவனாக மாறிவிட்ட ஆணுக்குங்கூட உடனே மன்னிப்புச் சீட்டுக் கிடைத்துவிடாது என்று சொன்ன கதை அது. அந்தக் கசப்பு மருந்தை நம் ஆண் வாசகர்களுக்கு அவர் ஒருவர்தான் தேன் கலக்காமல் கொடுத்தார்.

அவருக்குப் பின் ஜெயகாந்தன். 1966-ல் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தபோது நடந்த ரகளை பெரிசு. கெடுக்கப்பட்டு வந்த பெண்ணைத் தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அதெப்படி என்று கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 1970-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலைக் கொடுத்தார். அதில் தாய் தண்ணீர் ஊற்றவில்லை, ஊரைக் கூட்டினாள். அந்த நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். 'அக்கினிப் பிரவேசம்' அவர் எழுதிய கதை என்று ஏற்பாடு. கங்கா அதைப் படித்துவிட்டு, தன் கதை அச்சில் வந்திருப்பதைப் பார்த்துத் திகைக்கிறாள். லாரா கீலர் 'பொம்மை வீட்டை'ப் பார்த்துத் திகைத்த அதே திகைப்பு. இப்ஸன் நாடகத்துக்கு வெளியே விட்டுவிட்டதை ஜெயகாந்தன் நாவலுக்கு உள்ளே கொண்டுவந்துவிட்டார். அத்துடன் வெங்கு மாமாவையும் பிரபுவையும் கொடுத்தார். சாஸ்திரம் பேசிக்கொண்டே கை நீட்டுகிற ரக்ஷகர் ஒருவர். பணத்தில் வளர்ந்து, செய்த பாவத்தின் பெயர்கூடத் தெரியாத அசடு ஒருவன். அவர்களைப் படிக்கிறபோது ஆண் வாசகனுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. அந்த நாவலின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இன்று பெண்கள் எழுதுகிறார்கள். ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்கும் வயலுக்கும் போய்ப் பார்த்து எழுதினார். அம்பை சமையலறைக்குள் நின்று அதன் ஜன்னல் எவ்வளவு சிறிசு என்று அளந்து காட்டினார். முத்துமீனாக்ஷியின் குரலுக்கு இனி இரவல் தேவையில்லை. அதனால் ஆண் பேனாவுக்கு வேலை போய்விட்டதாக நினைக்க வேண்டாம். பெண்ணை மட்டும் கொண்டு வீடு நடப்பதில்லை. வீட்டுக்குள் ஓர் ஆணும் இருக்கிறான். அவன் எப்படி நல்லவனாகவே இருந்துகொண்டு அநியாயம் செய்கிறான், செல்லம் கொடுத்துக்கொண்டே எப்படிக் கதவைப் பூட்டுகிறான், விட்டுக்கொடுக்கும்போது எதை விடாமல் வைத்துக்கொள்கிறான் என்கிற சங்கதிகள் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவற்றைச் சொல்வதற்குப் பெண் வேஷம் தேவையில்லை. கொஞ்சம் வெட்கத்தை விட்டால் போதும்.

'பிரதாப முதலியார் சரித்திர'த்தைக் கணவன் வாயால் சொல்ல வைத்தபோது வேதநாயகம் பிள்ளை சரியான ஆசனத்தைத்தான் ஆணுக்குப் போட்டுக் கொடுத்தார். மனைவி ஆளட்டும், நீ உன் கதையை உள்ளபடி சொல் என்றார். பிரதாபன் தன் அசட்டுத்தனத்தை மட்டும் சொன்னான். அதற்கு மேலும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.